கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர் ஐசியூவில் இருக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அண்ணன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கழுத்து எலும்பு உடைந்துவிட்டது. சி5 என்கிறார்கள். அன்றைக்கே ஆபரேஷன் முடிந்தது. முதல் நாள் நன்றாகப் பேசினார், தானாகவே மூச்சு விட்டார். மூன்றாம் நாள் வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள். ஆபரேஷனில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா? தினமும் பிபி குறைவு, சளி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். அண்ணன் நடப்பாரா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?"

உங்களை அரித்துக்கொண்டிருக்கும் முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். அண்ணனின் ஃபைலைப் பார்க்காமல் நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவருக்கு முதல் நாள் மூச்சு நன்றாக இருந்து, இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில் தளர்ந்துபோவது, ஐசியூவில் வேலை செய்கிற எங்களைப் போன்றவர்கள் எதிர்பார்த்தே இருக்கும் விஷயம். ஆபரேஷன் எவ்வளவு சரியாக நடந்திருந்தாலும் இது வரலாம்.

ஏன் என்று சொல்கிறேன். மூச்சு இழுக்கும் முக்கியமான தசை, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம். அதை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் வேர்களிலிருந்து வருகிறது; இவற்றைத்தான் சி3, சி4, சி5 என்கிறோம். சி3-க்கு மேலே அடிபட்டால் விழுந்த இடத்திலேயே மூச்சு நின்றுவிடும். சி5-இல் அடிபட்டால் உதரவிதானம் பெருமளவு வேலை செய்யும், ஆனால் தன்னந்தனியாக. விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகளுக்கு நரம்பு போவது மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து, அது துண்டிக்கப்பட்டுவிட்டது. வயிற்றுத் தசைகளும் அப்படியே. மார்புச் சுவர் தொய்ந்து கிடப்பதால், உதரவிதானம் கீழே இறங்கும்போது நெஞ்சு விரிவதற்குப் பதில் உள்ளே அமுங்கும். இழுக்கிற மூச்சில் ஒரு பகுதி இப்படியே வீணாகும். வயிற்றுத் தசை இல்லாமல் இருமல் வராது, இருமல் இல்லாமல் சளி வெளியேறாது. அடிபட்ட முதல் சில நாட்களில் சளியும் அதிகமாகச் சுரக்கும். தண்டுவடத்தின் வீக்கம் ஒரு படி மேலே ஏறி சி4 வரை பாதிப்பதும் உண்டு. ஒரே ஒரு தசை இத்தனை சுமையையும் தாங்கி இரண்டு மூன்று நாள் ஓடிவிட்டுக் களைத்துப்போகிறது. மூச்சு முழுதாக நின்று, அவசரத்தில் குழாய் போடுவதை விட, களைக்க ஆரம்பிக்கும்போதே போடுவது பல மடங்கு பாதுகாப்பானது. உடைந்த கழுத்தை அசைக்காமல் குழாய் இறக்க நிதானம் வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். தண்டுவடத்துக்கு நேர்ந்த சேதத்தில் பெரும்பகுதி விழுந்த கணத்திலேயே நடந்துவிட்டது. அதற்கு ஐசியூவில் செய்யக்கூடியது, மிச்சம் இருப்பது மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் நுரையீரல், தோல், சிறுநீரகம், விரல் மூட்டுகள் எல்லாம் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. இந்த வாரங்களில் அவற்றைக் கெடாமல் காப்பாற்றினால்தான், பின்னால் அண்ணனுக்கு என்ன வலு மிஞ்சுகிறதோ அதை வைத்து அவர் வாழ முடியும். குடும்பத்தின் கண்கள் இங்கேதான் இருக்க வேண்டும்.

நுரையீரலை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டத்தில் உயிருக்கு ஆபத்து அதிகம் வருவது அங்கிருந்துதான். நிமோனியா, சளி அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கிப்போவது, இரண்டும் சாதாரணமாக வரும். குறிப்பாக இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி. மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் வலது கிளை நேராகவும் இடது கிளை சாய்வாகவும் இருப்பதால், சளி உறிஞ்சும் குழாய் பெரும்பாலும் வலது பக்கமே போய்விடும். இடது பக்கத்துச் சளி தங்கிவிடும். அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றில் கைவைத்து, மூச்சு விடும் நேரத்தில் மேல்நோக்கி அழுத்தி இருமவைக்கிறார். பார்க்க முரட்டுத்தனமாகத் தெரியும், தடுக்காதீர்கள். அவர் இழந்த இருமலைத்தான் இவர் கையால் கொடுக்கிறார்.

இன்னொன்று, எல்லாக் குடும்பமும் தவறாக நினைப்பது. மூச்சு வாங்குகிறவரைத் தலையை உயர்த்தி உட்காரவைத்தால் சுகமாக இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் பழகிய அறிவு. கழுத்தில் அடிபட்டவருக்கு இது தலைகீழ். சமமாகப் படுத்திருக்கும்போதுதான் அவரால் அதிகக் காற்றை இழுக்க முடியும். உட்காரவைத்தால், பிடிமானம் இல்லாத வயிறு முன்னால் சரிந்து உதரவிதானத்தைக் கீழே இழுத்துவிடும். பிறகு அதற்கு இறங்க இடம் இருக்காது. அதனால்தான் பின்னாட்களில் உட்காரவைக்கும்போது வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட் கட்டுவார்கள். வென்டிலேட்டரில் இருக்கும்போது, வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகாமல் இருக்கத் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துவது உண்டு, அது வேறு கணக்கு. எந்த நேரத்தில் எது என்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்களாகத் தலையணை செருக வேண்டாம்.

அடுத்து டிரக்கியாஸ்டமி. கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டால் நிறையப் பேர் "இனி அவ்வளவுதானா" என்று உடைந்துபோகிறார்கள். நான் அதை நல்ல பக்கமாகவே பார்க்கிறேன். வாய்வழிக் குழாய் இருக்கும்வரை மயக்க மருந்து வேண்டும், பேச முடியாது, வாயைச் சுத்தமாக வைப்பது கஷ்டம். தொண்டைக் குழாய் வந்தால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளி எடுப்பது சுலபம், வென்டிலேட்டரை விட்டு விலக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். முதலில் சில நிமிடங்கள் தானாக மூச்சு, பிறகு ஓய்வு, மறுநாள் இன்னும் கொஞ்சம் நேரம். இது வாரக்கணக்கில் போகும். நடுவில் பின்னடைவும் வரும். ஆனால் சி5 அளவில் அடிபட்டவர்களில் பெரும்பாலானவர்கள் வென்டிலேட்டரை விட்டு வெளியே வருகிறார்கள். வாரங்கள் போகப் போக மார்புத் தசைகள் இறுகுவதும் இதற்கு உதவுகிறது. பிறகு துளையும் மூடப்படும்.

பிபி ஏன் குறைகிறது என்பதற்கு வருகிறேன். ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகள் மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. மேலே அறுபட்டால் அவற்றுக்கு மூளையின் கட்டளை போகாது. குழாய்கள் தளர்ந்து ரத்தம் கைகால்களில் தேங்கும். இதயத்தை வேகப்படுத்தும் நரம்பும் அதே வழியில்தான் வருகிறது; வேகத்தைக் குறைக்கும் நரம்பு மட்டும் தலையிலிருந்து தனி வழியில் வருவதால் தப்பிவிடுகிறது. ஆகவே பிபி குறைவு, நாடித்துடிப்பும் குறைவு, ஆனால் தோல் வெதுவெதுப்பாக இருக்கும். ரத்தம் இழந்தவருக்கு இதற்கு நேர்மாறாக நாடி வேகமாகவும் கைகால் சில்லென்றும் இருக்கும்.

அடிபட்ட தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்தால், பிழைத்திருக்கக்கூடிய பகுதியும் செத்துப்போகும். அதனால்தான் பிபியைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கிறார்கள். மானிட்டரில் பிபிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும், அதுதான் சராசரி அழுத்தம். 2013-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதை ஒரு வாரம் 85 முதல் 90 வரை வைக்கச் சொன்னது. 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல் கொஞ்சம் தளர்த்தி, 75-80-க்குக் கீழே விடாதீர்கள், 90-95-க்கு மேலே ஏற்றாதீர்கள், 3 முதல் 7 நாள் வரை, என்கிறது. இதற்கு நோர்அட்ரினலின் போன்ற மருந்து மெஷின் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போகும். சலைனை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். "மருந்தில்தான் பிபி நிற்கிறது" என்று சொன்னால், சாகப் போகிறார் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் காயத்துக்கு அது எதிர்பார்க்கப்பட்ட சிகிச்சை.

சளி உறிஞ்சும்போது இதயத் துடிப்பு திடீரென்று 40, 30 என்று இறங்கி, சிலருக்கு சில நொடிகள் நின்றும்போகும். இதற்காகவே முன்கூட்டி ஆக்சிஜன் கொடுத்து, துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சக்‌ஷன் செய்வார்கள். முதல் சில வாரங்களில் இது தானாகவே அடங்கிவிடும்.

ஸ்டீராய்டு ஊசி பற்றியும் யாராவது உங்களைக் குழப்பியிருக்கலாம். 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு, 8 மணி நேரத்துக்குள் அதிக அளவு மெத்தில்பிரட்னிசோலோன் போடுவது உலகம் முழுக்க வழக்கமானது. பின்னால் அந்த ஆய்வைத் துருவிப் பார்த்தபோது பலன் கொஞ்சம்தான், கிருமித் தொற்றும் வயிற்றில் ரத்தக் கசிவும் கூடுகின்றன என்று தெரிந்து, பலர் கைவிட்டார்கள். சிலர் இன்றும் போடுகிறார்கள். போட்டதற்காகவோ போடாததற்காகவோ டாக்டர் மேல் சந்தேகப்பட வேண்டாம். ஆபரேஷன் 24 மணி நேரத்துக்குள் நடந்ததுதான் பெரிய விஷயம், அது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஸ்டெம் செல் சிகிச்சை என்று யாராவது வந்து லட்சக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். தண்டுவடக் காயத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) விதிகளின்படி அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே அதைச் செய்யவும் கூடாது, ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கவும் கூடாது. வீட்டையும் நிலத்தையும் விற்று அதில் போட்ட குடும்பங்களுக்குப் பிறகு சக்கர நாற்காலி வாங்கக்கூடக் காசு இல்லாமல் போகிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

சரி, தோல். அண்ணனுக்குத் தோளுக்குக் கீழே பெரும்பாலும் உணர்வு இருக்காது. நாம் தூக்கத்தில்கூட உடம்பை மாற்றி மாற்றிப் போடுகிறோம், வலிப்பதால். அவருக்கு வலிக்காது. வால் எலும்பு, குதிகால், பின்மண்டை, கழுத்தில் போட்டிருக்கும் காலருக்கு அடியில் தாடை, இங்கெல்லாம் சில மணி நேர அழுத்தமே போதும், புண் தொடங்கிவிடும். ஆழமாகப் போனால் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், அத்தனை நாளும் அவரால் உட்காரவோ பயிற்சிக்குப் போகவோ முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புகிறார்களா என்று கேளுங்கள். கழுத்தை அசைக்காமல் ஒருவர் தலையைப் பிடித்து எண்ணிக்கை சொல்ல, மற்ற மூன்று நான்கு பேர் ஒரே நேரத்தில் உருட்ட வேண்டும். இரவு ஷிப்டில் ஆள் குறைவாக இருக்கும்போது தவறிப்போவது இதுதான். பார்வை நேரத்தில் நர்ஸிடம் தன்மையாகக் கேளுங்கள்: "சிஸ்டர், இன்றைக்கு முதுகைப் பார்த்தீர்களா, எங்காவது சிவந்திருக்கிறதா?" விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்றால் அதுவே புண்ணின் ஆரம்பம். ஏர் பெட் இருந்தாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையும், இடுப்புக்கு அடியில் காற்று வளையமும் வைக்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இரண்டும் வேண்டாம், வளையத்தின் விளிம்பே தோலுக்குப் போகும் ரத்தத்தை நிறுத்தும். கெண்டைக்கால் முழுக்கத் தலையணை கொடுத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி செய்தால் போதும்.

இதே காரணத்தால் வெந்நீர் ஒத்தடம், ஹாட் பேக் எதுவும் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் வெந்துவிடும். காலில் எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும் கூடாது. அசையாத காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம், உருவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே சொல்லுங்கள், அவருக்கு வலிக்காததால் அவராகச் சொல்ல மாட்டார். வயிற்றில் தினமும் போடும் சின்ன ஊசி இந்தக் கட்டி வராமல் இருக்கத்தான்.

சிறுநீருக்கு இப்போது டியூப் இருக்கும். நிலை சரியானதும் அதை எடுத்துவிட்டு 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாய் செருகி வடிக்கும் முறைக்கு மாற்றுவார்கள். சிறுநீரகத்துக்கு அதுதான் நல்லது. மலத்துக்கும் இப்படி ஒரு நேர ஒழுங்கு பழக்க வேண்டும். முதல் நாட்களில் குடல் அசையாமல் வயிறு உப்பும், உப்பிய வயிறு மூச்சையும் அமுக்கும், மூக்குக் குழாய் அதற்காகத்தான்.

விரல்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அன்பினால் கெடுக்கிற விஷயம் இது. கழுத்தில் அடிபட்டவர்களில் பலருக்கு முதல் ஓராண்டில் ஒரு வேர் அளவுக்கு வலு கூடுகிறது. சி5 என்பது சி6 ஆகலாம். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் சி6 வந்தால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரலை மடக்கும் தசைநாண்கள் கொஞ்சம் குட்டையாக இருந்தால் விரல்கள் தாமாகவே மடங்கும். அந்தப் பிடியில் டம்ளர் எடுக்கலாம், பேனா பிடிக்கலாம், சிலர் தாமே சிறுநீர்க் குழாயும் செருகிக்கொள்கிறார்கள். விரல் மடங்கிவிடுமே என்று பயந்து மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்து நீட்டிவிட்டால், அந்தப் பிடி போய்விடும். விரலை நீட்டும்போது மணிக்கட்டு கீழே மடங்கியிருக்க வேண்டும். பிசியோவிடம் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

நடப்பாரா? இதற்கு இன்று யாராவது உறுதியாக ஆம் என்றாலோ இல்லை என்றாலோ நம்ப வேண்டாம். அடிபட்ட புதிதில் தண்டுவடம் முழுவதும் அதிர்ச்சியில் அணைந்துபோயிருக்கும். 72 மணி நேரத்துக்குப் பிறகு, மருந்து மயக்கம் இல்லாதபோது செய்யும் பரிசோதனைதான் நம்பகமானது. அதில் ஆங்கில எழுத்து ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து நிலைகள். ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்வு கொஞ்சமாவது இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் காயம் முழுமையானது அல்ல, நம்பிக்கைக்கு உண்மையான இடம் உண்டு. ஏ, அதாவது முழுமையான காயம் என்றால், நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. "எந்த நிலை எழுதியிருக்கிறீர்கள், எந்தத் தேதியில் பார்த்தது?" என்று நேராகக் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

இத்தனைக்கும் நடுவில் அண்ணன் முழு நினைவோடு மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். குழாய் இருப்பதால் பேச முடியாது, கைவிரல் அசையாது, கூப்பிட வழியில்லை. இந்தத் தனிமை சாதாரணமானது அல்ல. ஒரு அட்டையில் வலி, தாகம், சளி, திருப்பு, சூடு, குளிர், பயம், வீடு என்று பெரிதாக எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேளுங்கள், ஆம் என்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறக்கட்டும். வார்த்தை எழுதவேண்டுமானால் உயிரெழுத்து ஒரு வரிசை, மெய் ஒரு வரிசை போதும், 247 எழுத்தும் வேண்டாம். உணர்வு இருக்கும் இடம் முகமும் தோளும்தான், அங்கே தொட்டுப் பேசுங்கள். உள்ளங்காலைத் தடவினால் அவருக்குத் தெரியாது. பகலா இரவா என்று தினமும் சொல்லுங்கள். பின்னால் தொண்டைக் குழாயில் பேச உதவும் வால்வு பொருத்தலாமா என்று கேளுங்கள். குரல் திரும்பும் நாளில் முகமே மாறிவிடுகிறது.

ஐசியூவை விட்டு வெளியே வரும்முன் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது குறைந்திருக்கும் பிபி, சில வாரங்கள் கழித்துத் திடீரென்று 200-க்கு மேலே போகும் ஆபத்து உண்டு. மார்பின் ஆறாம் வேருக்கு மேலே அடிபட்ட எல்லோருக்கும் இது வரலாம். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ, டியூப் மடங்கினாலோ, மலம் இறுகினாலோ, உடம்பு கீழிருந்து எழுப்பும் அபாயக் குரலை மூளையால் அடக்க முடியாது. மண்டை பிளக்கும் வலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேலே வியர்ப்பது அடையாளம். அவருடைய இயல்பான பிபி இனி 100-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால் 140, 150 என்பதே அவருக்கு அதிகம். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியையும் பெல்ட்டையும் தளர்த்துங்கள், சிறுநீர் டியூப்பைப் பாருங்கள். குழாயைச் சரிசெய்த ஒரு நிமிடத்தில் பிபி இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இறங்கவில்லை என்றால் உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்கு, பக்கவாதம் வரைக்கும் போகும் அபாயம் இது. இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அண்ணனின் பையில் வையுங்கள். சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இதைக் கண்டிராதவர்கள் படுக்கவைத்து மாத்திரை மட்டும் கொடுத்துவிடலாம்.

பணத்துக்கு: சாலை விபத்தாக இருந்தால் முதல் 48 மணி நேரத்துக்கு அரசுத் திட்டம் உண்டு, இது சாரத்திலிருந்து விழுந்தது என்பதால் பொருந்தாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் பேசுங்கள். வேலை இடத்தில் நடந்த விபத்து என்பதால் இழப்பீடு தர முதலாளிக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அதையும் கேளுங்கள். ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), போலீஸ் தகவல், டிஸ்சார்ஜ் தாள் எதையும் தொலைக்காதீர்கள்.

மறுவாழ்வு மையத்தை ஐசியூவில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துப்போனார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன் தனிப் பிரிவு தொடங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது, சுத்தமாகச் சிறுநீர் எடுப்பது, சீக்கிரமே உட்காரவைத்து வேலை கொடுப்பது என்று விடாப்பிடியாகச் செய்துதான் அந்த நிலையை மாற்றினார். வேலூர் சிஎம்சியில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியில் 1966-இல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் இன்றும் இயங்குகிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் இளம் வயதில் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர்தான். இப்படிப்பட்ட இடங்களில் படுக்கை கிடைக்க நாளாகும், வென்டிலேட்டரோடு இருப்பவரைச் சேர்க்கும் இடம் இன்னும் குறைவு. அதனால் நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் மூன்றைக் கேளுங்கள்: தானாக மூச்சு விடும் பயிற்சி எப்போது தொடங்கும், முதுகுத் தோல் எப்படி இருக்கிறது, எந்த மறுவாழ்வு மையத்துக்கு இப்போதே கடிதம் எழுதித் தருவீர்கள்.